11 மாத நகைச் சீட்டு: அக்காவுக்கு ஒரு கணக்கு, தங்கைக்கு ஒரு கணக்கு

மதுரையில் ஒரு பெரிய நகைக்கடையின் 11 மாதச் சீட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு அட்டை போட்டோம். 2023 ஜூனில் ஆரம்பித்து 2024 மே மாதம் நகையாக எடுத்தோம். ஒன்று அக்கா பெயரில், அவளே கட்டியது. இன்னொன்று தங்கை பெயரில், அக்காவும் நானும் பாதிப் பாதி போட்டுக் கட்டியது. அட்டைக்கு மாதம் 5,000 ரூபாய். கடையின் பெயரை எழுதவில்லை. பெரிய கடைகள் பலவற்றில் ஏறக்குறைய இதே திட்டம்தான் என்பதால், எங்கே சேர நினைப்பவருக்கும் இது உதவும்.

நான் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் முதலில் கணக்கு.

கட்டும் பணத்தை ரூபாயாகவே வரவு வைப்பது ஒரு வகைச் சீட்டு. கட்டிய அன்றைய விலைக்குக் கிராமாக மாற்றி வரவு வைப்பது இன்னொரு வகை. நாங்கள் சேர்ந்தது இரண்டாவது. 2023 ஜூனில் 22 காரட் கிராம் 5,500 ரூபாயை ஒட்டி இருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கியது, அப்புறம் ஏறியது ஏறியதுதான். நாங்கள் எடுத்தபோது 6,700 அளவில் நின்றது. 11 தவணையில் கட்டிய 55,000 ரூபாய்க்குப் புத்தகத்தில் 9.6 கிராம் சேர்ந்திருந்தது. எடுத்த நாளின் விலைக்கு அது 64,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதே பணத்தை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டிருந்தால் அப்போதைய 6.2 சதவீத வட்டிக்கு 57,000கூட வந்திருக்காது. அதுவும் அஞ்சலகத்தில் ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது.

விலை ஏறின வருடம் என்பதால் வந்த லாபம் இது. கடை கொடுத்த லாபம் இல்லை. 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அன்று ஒரே நாளில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. எங்கள் சீட்டு அந்த வாரம் முடிந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கடை தருவது சேதாரத் தள்ளுபடி. நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கு என்று எடையில் இத்தனை சதவீதம் கூட்டிக் கேட்பதுதான் சேதாரம். ‘18 சதவீதம் வரை சேதாரம் இல்லை, செய்கூலி இல்லை’ என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. இந்த வாக்கியத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தள்ளுபடி சேர்ந்த கிராமுக்கு மட்டும்தான். 9.6 கிராம் இருக்கும்போது 11 கிராம் நகை எடுத்தால், கூடுகிற எடைக்கு அன்றைய விலையும் முழுச் சேதாரமும் கட்ட வேண்டும். 18க்கு மேல் சேதாரம் உள்ள நகை என்றால் மேலே உள்ள சதவீதத்தையும் நாம்தான் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி 3 சதவீதமும் நம் தலையில்தான், எங்களுக்கு அட்டைக்கு 1,900 சொச்சம் வந்தது. ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாய், அதற்கு வரி தனி. நாணயம் எடுத்தால் இந்தத் தள்ளுபடிக்கே பேச்சு இல்லை. கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்குக் கணக்குப் போட வேண்டும், அதை நாம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் எல்லாக் கடையிலும் 11 மாதம் என்று அக்கா ஒருமுறை கேட்டாள். 2013 நிறுவனச் சட்டத்தின் கீழ் 2014இல் வந்த வைப்புத்தொகை விதிகள்தான் காரணம். பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும், தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். முன்பு இரண்டு வருடம் மூன்று வருடம் என்று ஓடிய சீட்டுகள் நின்றது அதனால்தான். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இதற்குக் கிடையாது. கடை நிற்கும் வரைதான் நம் கிராமும் நிற்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இந்தத் திட்டம் யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நாங்கள் மூன்று பெண்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம், நடுவில் நான். பணம் என்றால் என்ன, அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் மூன்று விதமான எண்ணம்.

அக்காவுக்கு 2004இல் கல்யாணம். பவுன் 5,000 ரூபாய்க்குள் இருந்த காலம், அப்பா 20 பவுன் போட்டார். அத்தானுக்குச் சொந்தமாக ஒரு ஹார்டுவேர் கடை. அது நொடித்தபோது வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்த 20 பவுனில்தான் ஓடியது. வளையல் போகும், திரும்பும், பிறகு ஆரம் போகும். அக்கா அந்த வருடங்களைப் பற்றி அழுது நான் பார்த்ததில்லை. “பேங்க்ல நகைக்கடன் வாங்க உங்க அத்தான் கையெழுத்து கேக்கல. ரேஷன் கார்டுல பேரு மாத்தணும்னாகூட ஆள் வரணும்னாங்க. நகைக்கு நான் ஒருத்தி போதும்” என்பாள். அவளுக்குத் தங்கம் என்பது அழகுக்கும் கௌரவத்துக்கும் இல்லை. வேறு யாரையும் கேட்காமல் அவள் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த நகையால் எடுத்தவை.

தங்கை சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிறவரைக் காதலித்தாள், வேறு சாதி. பதிவுத் திருமணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று எங்களிடம் சொன்னாள். அம்மா ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் பேசினார். அக்கா அன்றைக்கே பேசினாள், அவள் பேசியது முழுக்க நகையைப் பற்றி.

“அவன் நல்லவனாவே இருக்கட்டும். நல்லவன் கைலயும் ஒருநாள் காசு இருக்காது. அன்னைக்கு நீ என்ன பண்ணுவ?”

“நான் சம்பாதிக்கிறேன்ல பெரியக்கா.”

“வேலை போச்சுன்னா?”

“போச்சுன்னா வேற வேலை. நீங்க போடுற ஒவ்வொரு பவுனும் நாளைக்கு அந்த வீட்ல என்னைப் பத்திப் பேசறதுக்கு ஒரு கணக்கு. அவங்க எதுவும் கேக்கல. கேக்காத இடத்துக்கு எதுக்குக் கொண்டுபோகணும்?”

இரண்டு பேர் சொல்வதிலும் எனக்குச் சம்மதம் உண்டு. அதற்கு என் காரணம் வேறு. நான் மணவிலக்குப் பெற்றவள். எனக்குப் போட்ட நகை என் மாமியார் பெயரில் இருந்த லாக்கரில் இருந்தது. பில்கள் எல்லாம் அப்பா பெயரில். பெண்ணுக்குக் கொடுத்த நகை அவளுக்கே முழுச் சொந்தம், கணவன் வீட்டில் இருப்பது பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்த பொருள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே சொல்லிவிட்டது. எங்கள் வழக்கறிஞர் அதைச் சொன்ன கையோடு, எந்தெந்த நகை என்று பட்டியல் கேட்டார். கல்யாண ஆல்பத்தைப் பெரிதுபடுத்திப் பார்த்து நானும் அம்மாவும் பட்டியல் எழுதினோம். பாதிதான் திரும்பி வந்தது. தங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயர் யாருடையது, சாவி யாரிடம் என்பதுதான் எனக்கு முக்கியம். தங்கைக்குப் போட்ட அட்டையில் அவள் பெயர், அவள் ஆதார், அவள் கைப்பேசி எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது அதனால்தான்.

2023 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு நகைக்கடை திடீரென்று மூடியது. சீட்டுக் கட்டியவர்களும் முதலீடு போட்டவர்களும் பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றார்கள், பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது. எங்கள் கடை அது இல்லை. ஆனாலும் அன்று இரவு வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. தங்கை, உடனே நிறுத்திப் பணத்தை வாங்குங்கள் என்றாள். அந்தப் பணம் கிடைத்தால் வீட்டு அட்வான்ஸுக்கு உதவும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மேடவாக்கத்தில் ஒரு படுக்கையறை வீடு பார்த்திருந்தார்கள், வாடகை 14,000, ஐந்து மாத அட்வான்ஸ் 70,000. அக்கா, என் பங்கு தங்கமாகத்தான் வரும் என்று விட்டுக்கொடுக்கவில்லை. “நான் குடுக்கறது உனக்கு. உங்க வீட்டு ஓனருக்கு இல்ல.”

கடையில் போய் விசாரித்தேன். இந்த இடத்தில்தான் இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். சேரும்போது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று கவுன்டரில் இருந்த பெண் சொன்னார். நிறுத்தப் போனால் மேலாளர், நிறுத்தலாம், ஆனால் சேர்ந்த பணத்துக்கு நகையாகத்தான் எடுக்கலாம், சேதாரத் தள்ளுபடி கிடையாது, ரொக்கம் வேண்டுமென்றால் கடிதம் எழுதிக் கொடுங்கள், தலைமை அலுவலகம் முடிவு செய்யும் என்றார். ரொக்கமாகத் தந்தாலும் கட்டிய ரூபாய் மட்டும்தான், கிராம் விலை ஏறியது கணக்கில் வராது. இது எதுவும் அட்டையின் முன்பக்கத்தில் இல்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. சித்தாள் வேலை பார்க்கிற பெண்களும் வீட்டு வேலை செய்கிறவர்களும் அந்த வரிசையில் நின்று மாதம் 500, 1,000 என்று கட்டுகிறார்கள். அவர்களுக்கு இதைத் தமிழில் படித்துக் காட்டக் கடை கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு நல்ல விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா தானும் பணம் கட்டியதைச் சொல்லி, தன் பங்கை மட்டும் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டாள். மேலாளர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அட்டை யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், யார் கட்டினார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை, நகையும் அவர் நேரில் வந்து ஓடிபி சொன்னால்தான் என்றார். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பா, அண்ணன், கணவன் என்று யார் போய்க் கேட்டாலும் இதே பதிலைச் சொன்னால் அந்தக் கடையை நான் மதிப்பேன்.

தங்கையிடம் சொன்னேன், முடிகிற வரைக்கும் பொறு, முடிந்ததும் நீயே வந்து நீ விரும்பியதை எடு. அவள் ஒத்துக்கொண்டாள். மீதித் தவணைகளைச் செயலியிலேயே கட்டினோம். செயலி நன்றாக வேலை செய்கிறது, கட்டியதும் கிராம் எவ்வளவு ஏறியது என்று குறுஞ்செய்தி வருகிறது. இரவில் கட்டினால் மறுநாள் விலைக்குத்தான் ஏறும், இதைத் தெரிந்துகொண்டு பகலில் கட்டுங்கள்.

2024 மே 10 அட்சய திருதியை. அந்த வாரம் முழுக்க நகைக்கடைப் பக்கம் போகாமல், கூட்டம் வடிந்தபிறகு ஒரு புதன்கிழமை காலையில் போனோம். தங்கை சென்னையிலிருந்து வந்திருந்தாள். ரோஸ்மில்க் கொடுத்தார்கள், உட்கார நாற்காலி கொடுத்தார்கள், விற்பனையாளர் பொறுமையாகவே காட்டினார். ஆனால் 9.6 கிராம் என்று சொல்லியும் அவர் எடுத்துப் போட்ட முதல் தட்டில் எல்லாம் 14, 15 கிராம் நகைகள். எடை கூடக் கூட, கூடும் எடைக்கு முழுச் சேதாரம் என்பதால் கடைக்கு அதில்தான் வரவு. அக்கா ஜிமிக்கியோடு தோடு எடுத்தாள், 11.4 கிராம், சேதாரம் 16 சதவீதம். கூடுதல் 1.8 கிராமுக்கு மட்டும் 16ஐ 12 ஆகக் குறைக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. சேதாரம் பேசிக் குறைக்கக் கூடிய ஒன்று என்பதற்கு இதுவே சாட்சி. சீட்டே இல்லாமல் போனாலும் பேசினால் சில சதவீதம் குறைப்பார்கள். ஆகவே ‘18 சதவீதம் இலவசம்’ என்பதை அப்படியே லாபமாக எழுதிக்கொள்ளக் கூடாது.

தங்கை எடுத்தது ஒரு சாதாரண செயின். வேலைப்பாடு இல்லை, டாலர் இல்லை. 9.9 கிராம், சேதாரம் 8 சதவீதம், கூடுதல் 300 மில்லிக்கு மட்டும் பணம் கட்டினாள். கடைக்காரருக்கு அதில் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இதைவிட நல்ல டிசைன் இருக்கிறதே, உங்களுக்குத்தான் 18 வரை இலவசமாச்சே என்று மறுபடி மறுபடி சொன்னார். அக்காவும் அதையே சொன்னாள். கணக்குப்படி அது சரி, சேதாரம் அதிகமான நகையை எடுப்பவருக்குத்தான் இந்தத் திட்டத்தில் தள்ளுபடி அதிகம். தெற்காவணி மூல வீதியில் ஒரு சின்னக் கடையில் அதே மாதிரிச் செயினுக்கு 6 சதவீதம் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் தங்கைக்குக் கடை கொடுத்தது நாலாயிரம் ரூபாய் அளவுக்குத்தான். அக்காவுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

பில் இரண்டும் அவரவர் பெயரில். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்யூஐடி எண், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஹால்மார்க் அடையாள எண், இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறையும் பில்லிலேயே எழுதித் தரச் சொன்னேன், தந்தார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் என்ன நகை, எத்தனை காரட், எந்த மையத்தில் சோதித்தது என்று வருகிறது. என் கல்யாணத்தின்போது இது இருந்திருந்தால் ஆல்பத்தைப் பெரிதுபடுத்த வேண்டி இருந்திருக்காது. நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள், மகளுக்கு வாங்கினால் மகள் பெயரில் பில் போடுங்கள்.

கடையிலிருந்து வெளியே வந்ததும் தங்கை அக்காவிடம் கேட்டாள், “பெரியக்கா, எந்த பேங்க்ல வட்டி கம்மி?”

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. புது நகையை ஒருநாள்கூடப் போடாமல் அடகு வைப்பார்களா என்று நடுரோட்டில் சத்தம் போட்டாள். தங்கை பதில் பேசாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா தனக்குக் கணக்கு இருக்கும் பொதுத்துறை வங்கியின் பெயரைச் சொல்லி, தனியாரிடம் போகாதே, ஏலத் தேதியை மட்டும் எழுதி வைத்துக்கொள் என்றாள். அப்போது மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் தந்தார்கள், மதிப்பையும் முந்தைய 30 நாள் சராசரி விலையில் போட்டார்கள். 47,000 கிடைத்தது, வட்டி வருடத்துக்கு 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். தன் சேமிப்பையும் சேர்த்து அட்வான்ஸ் கொடுத்தாள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கிறது, அவள் பெயர் முதலில். கடனை மாதாமாதம் குறைத்து வருகிறாள். பதிவு நடந்த அன்று அக்கா வந்தாள், கழுத்து வெறுமையாக இருக்கிறது என்று சொல்லித் தன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். தங்கை மறுத்தாள். அதில் இன்னும் இருவருக்கும் மனத்தாங்கல் இருக்கிறது.

என் மதிப்பீடு இது. ஒரு வருடத்துக்குள் வேலைப்பாடுள்ள நகை வாங்கியே ஆக வேண்டும் என்பவருக்கு இந்தச் சீட்டு நல்லது, ஐந்துக்கு நாலு தருவேன். ஒரே கடையில் பெரிய தொகை போடாதீர்கள். நடுவில் பணம் தேவைப்படலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு, முக்கியமாகச் சொந்தமாக வீடு எடுக்கப் போகிற, வேலை மாறப் போகிற, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்யப் போகிற பெண்களுக்கு இது வேண்டாம், இரண்டுதான் தருவேன். அவர்கள் உடைக்கக் கூடிய வங்கித் தொடர் வைப்பில் போடட்டும், தங்கம் வேண்டுமானால் கையில் பணம் சேர்ந்ததும் சேதாரம் குறைந்த செயினாக வாங்கட்டும். நிறுத்தும் விதிகளைத் தமிழில் அச்சடித்துச் சேரும்போதே கையில் கொடுங்கள் என்று கடைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்கா அடுத்த அட்டை போட்டுவிட்டாள், தன் பெயரில் மட்டும்.